திரைக்கு முன்னால் ஐந்து பேரை உட்கார வையுங்கள்

பெறுநர்: பொதுமக்களுக்கான இணைய விண்ணப்பங்கள், கைப்பேசிச் செயலிகள், தொடுதிரை இயந்திரங்கள் ஆகியவற்றை வடிவமைப்போர், அவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவோர், பணி நிறைவுச் சான்றில் கையெழுத்திடுவோர் அனைவருக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மதுரை மாவட்டம் உசிலம்பட்டியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், பதினான்கு ஆண்டுகளாக ஒரு கணினி மையம் நடத்தி வருகிறேன். ஊரார் வாயில் அது இன்றைக்கும் ‘பிரவுசிங் சென்டர்’தான், ஆனால் பிரவுசிங் செய்வதற்கென்று யாரும் வந்து வெகுகாலம் ஆகிறது. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், தேர்வுக் கட்டணம், உதவித்தொகை என்று வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம் என நீங்கள் விளம்பரம் செய்யும் அத்தனையையும் வீட்டில் செய்ய முடியாதவர்கள்தான் என் கடைக்கு வருகிறார்கள். நீங்கள் வடிவமைத்த திரைக்கு முன்னால் மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நாள் முழுவதும் பக்கத்தில் இருந்து பார்ப்பவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் திரைகள் எல்லோருக்கும் புரியும்படி அமைந்துவிட்டால் என் வரும்படியில் பாதி போய்விடும். ஒரு விண்ணப்பத்துக்கு நான் வாங்கும் கூலியில் தட்டச்சுக்கு உரியது கொஞ்சம்தான். மீதியெல்லாம் உங்கள் திரை எந்த இடத்தில் காலை வாரும் என்று தெரிந்து வைத்திருப்பதற்கான கூலி. அப்படியிருந்தும் எழுதத் துணிந்ததற்குச் சென்ற ஜூன் மாதத்தில் நடந்த ஒன்று காரணம்.

செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். எந்தத் துறையின் திரை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒன்று மட்டும் திருத்தப்பட்டு மற்றவை தப்பித்துக்கொள்ளும். அவருடைய ஆதாரில் இணைந்திருந்த கைப்பேசி எண், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், காலையிலேயே நான்கு பக்கங்களையும் நிரப்பி வைத்துவிட்டு, மகனின் மதியச் சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருந்தோம். ஒரு மணிக்கு அவர் அழைத்தார். நான் ‘ஓடிபி அனுப்பு’ என்பதை அழுத்தினேன். ‘உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது’ என்று ஒரு வரி வந்தது. நான்கு பக்கங்களும் வெற்றுப் பக்கங்களாகிவிட்டன. அந்த வரியை நான் வாய்விட்டுப் படித்ததைக் கேட்ட அந்த அம்மா, “அமர்வுன்னா என்னப்பா? நான் காலையிலருந்து இங்கனதான உக்காந்துருக்கேன்?” என்றார்.

மகனுக்குச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மறுபடியும் நிரப்பிவிடலாம் என்று என்னிடம் வேலை பார்க்கும் பையன் விரைந்து அடித்தான். ஓடிபியும் வந்தது, எண்ணையும் இட்டான். பக்கத்தின் அடியில் ஒரே நீலத்தில், ஒரே அளவில், ஒட்டி ஒட்டி இரண்டு பொத்தான்கள் இருந்தன. இடப்பக்கம் ‘மீட்டமை’, வலப்பக்கம் ‘சமர்ப்பி’. அவசரத்தில் அவன் இடப்பக்கத்தை அழுத்திவிட்டான். அந்தத் திரை ‘நிச்சயமாகவா?’ என்றுகூடக் கேட்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. மகனின் ஷிப்ட் முடிந்து இரவு ஏழு மணிக்குத்தான் அந்த விண்ணப்பம் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. எழுந்துபோகும்போது அந்த அம்மா, “எனக்குப் படிப்பு இல்ல தம்பி, அதான் உங்களுக்கும் இம்புட்டுக் கஷ்டம்” என்று எங்களிடம் வருத்தம் தெரிவித்தார். தவறான பொத்தானை அழுத்திய என் பையன் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவன்.

இந்தத் திரையை நீங்கள் சோதிக்காமல் வெளியிட்டிருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. சோதித்திருப்பீர்கள். ஒவ்வொரு பொத்தானும் வேலை செய்கிறதா, தகவல் சேமிப்பில் போய் விழுகிறதா, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் தாங்குமா என்றெல்லாம் பார்த்து, எல்லாவற்றுக்கும் சரி என்று குறியிட்டிருப்பீர்கள். ‘மீட்டமை’ பொத்தானும் தன் வேலையைப் பழுதில்லாமல்தான் செய்தது. இயந்திரம் சரியாக இயங்குகிறதா என்பது ஒரு சோதனை. அதை வைத்து ஒரு மனிதர் தன் காரியத்தை முடித்துக்கொள்ள முடிகிறதா என்பது வேறொரு சோதனை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான், நான் பார்த்தவரையில், இந்தக் குழப்பம் அனைத்துக்கும் மூலம்.

ஒட்டியிருக்கும் இரண்டு பொத்தான்களின் கதை புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில், தரையிறங்கிய பிறகு இறக்கையின் மடிப்புகளை (ஃபிளாப்) உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களையே உள்ளிழுத்து, விமானத்தை வயிற்றால் தேயவிட்ட விமானிகள் பலர். விமானியின் பிழை என்றே அவை எழுதப்பட்டு வந்தன. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் 1943-இல் விமானியறைக்குள் போய்ப் பார்த்தபோது, இரண்டு வேலைகளுக்குமான விசைகள் ஒன்றுபோலவே, அருகருகே இருப்பதைக் கண்டார். சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மடிப்பு விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். கை தடவிய மாத்திரத்தில் எது எது என்று தெரிந்துவிட, அந்த வகைப் பிழை நின்றுபோனது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே போர்க்களத்தில் கற்ற பாடம் ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தின் அடிப்பகுதிக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பயனரைக் கொண்டு சோதிப்பது என்றால் என்ன என்பதில்கூட நமக்குள் ஒரு தெளிவு வேண்டும். திறப்பு விழாக்களில் தொடுதிரையைச் சுற்றி நான்கு பேரை நிறுத்தி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்பதும், அவர்கள் “நல்லா இருக்குங்க” என்பதும் சோதனை ஆகாது. கண் முகாம்களுக்குப் பேர்போன மாவட்டம் இது. மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால், எங்கள் கிராமத்துக் கிழவிகளுக்குக்கூடக் கண் பரிசோதனை எப்படி நடக்கும் என்பது தெரியும். “நல்லா தெரியுதா?” என்று கேட்டு எவரும் கண்ணாடி எழுதித் தருவதில்லை. குறித்த தொலைவில் நிற்க வைத்து எழுத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். எழுத்து அறியாதவருக்கு மூன்று கால் உள்ள ஒரு வடிவத்தைக் காட்டி, கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையால் காட்டச் சொல்கிறார்கள். தெரிகிறது என்று அவர் சொல்வதையன்று, அவர் கை காட்டும் திசையைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். திரையைச் சோதிப்பதும் இதே வேலைதான். ஒரு காரியத்தைக் கொடுக்க வேண்டும், செய்யவிட வேண்டும், கை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

காரியத்தைச் சொல்லும் விதத்திலேயே பாதிச் சோதனை கெட்டுப்போவதுண்டு. “சான்றிதழ்கள் என்பதை அழுத்தி, வருமானம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்” என்று சொல்லிவிட்டால் நீங்கள் சோதிப்பது அவருடைய செவித்திறனை. “உங்கள் மகளுக்குக் கல்லூரியில் வருமானச் சான்று கேட்கிறார்கள், இதில் எடுத்துப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை நானே பட்டுத்தான் அறிந்தேன். அந்த அம்மா வந்துபோன மறுவாரம், கடையில் கூட்டம் குறைந்த பிற்பகல்களில், வந்தவர்களில் ஐந்து பேரை ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்து, வேறொரு விண்ணப்பத்தைத் தாங்களாகவே நிரப்பச் சொன்னேன். கட்டணம் வேண்டாம், டீ என் பொறுப்பு, தப்பு வந்தால் அது திரையின் தப்பு என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். ஓர் ஆட்டோ ஓட்டுநர், பிளஸ் டூ முடித்த ஒரு பெண், ஒரு தையற்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஆட்டு வியாபாரி ஒருவர்.

ஐந்து பேரில் மூவர் தடுக்கி நின்றது ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில். நம் ஊரில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து உண்டு, பெயர் உண்டு. கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயம் என்று சொல்லியிருந்ததால், தையற்காரர் தம் அப்பா பெயரைப் போட்டார். ஆட்டோ ஓட்டுநர் தம் பெயரையே இரண்டாம் முறையும் போட்டார். ஆட்டு வியாபாரி வெறும் புள்ளியை வைக்க, திரை ‘செல்லாத உள்ளீடு’ என்றது. ஒரே கேள்விக்கு மூன்று விதமான பதில்கள். திரை ஏற்றுக்கொண்ட மற்ற இரண்டும் நாளைக்கு ஆதாரோடு ஒத்துப்போகாமல் திரும்பி வரும். பிளஸ் டூ பெண் எல்லாரையும்விட விரைவாகப் போய், புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். எடையைக் குறைக்கச் சொல்லும் திரை, எப்படிக் குறைப்பது என்று சொல்வதில்லை. எனக்கு அதிக வரும்படி தரும் கட்டம் அதுதான்.

நான் எதிர்பாராதது ஆசிரியரிடம் நடந்தது. ஒவ்வொரு வரியையும் படித்துப் புரிந்துகொண்டு நிரப்பியவர் அவர் ஒருவரே. அதனாலேயே அதிக நேரம் எடுத்தவரும் அவரே. மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தார். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் தமிழில்தான் இருந்தன. அரியலூர், செங்கல்பட்டு, சென்னை, கோயம்புத்தூர், கடலூர் என்று தொடங்கிய வரிசையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அகரத்துக்கு அடுத்து செகரம், அதற்கப்புறம் கோ, அதற்கும் அப்புறம் க. இது எந்த ஊர் நெடுங்கணக்கு?” என்றார். ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியதை அப்படியே தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ‘ம’ பட்டியலின் பின்பகுதியில் வரும் என்று நம்பி அங்கே தேடிய அவர், கிருஷ்ணகிரிக்கு அடுத்துக் கிடந்த மதுரையை இரண்டு முறை தாண்டிப் போனார். பதினான்கு ஆண்டுகளாக அந்தப் பட்டியலை ஒரு நாளைக்கு முப்பது தடவை திறக்கிறேன். என் கண்ணில் ஒரு தடவைகூட இது படவில்லை. பழகியவன் கண் குருடு என்பதற்கு நானே சாட்சி. திரையைச் செய்தவர்களுக்கு அது என்னைவிடவும் பழகியது.

ஐந்து பேர் போதுமா என்று கேட்பீர்கள். பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரு பயனர் ஒரு குறையில் தடுக்கும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு என்று கண்டார்கள். அதன்படி முதல் ஆளே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குறைகளைக் காட்டிவிடுவார். ஐந்து பேர் ஆகும்போது 85 விழுக்காட்டை எட்டிவிடலாம். அதற்கு மேல் வருபவர்கள் பெரும்பாலும் முன்னவர் தடுக்கிய இடத்திலேயே தடுக்குவார்கள். பதினைந்து பேருக்குப் பணம் இருக்கிறதென்றால் ஒரே மூச்சில் பதினைந்து பேரையும் சோதிக்காமல், ஐந்து பேரைச் சோதித்து, திருத்தி, அடுத்த ஐந்து பேரிடம் கொண்டுபோய், மறுபடி திருத்தி, மூன்றாம் ஐவரிடம் போவதே மேல் என்பது நீல்சனின் அறிவுரை. ஆனால் இந்த எண்ணை மந்திரம்போலப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. 31 என்பது சராசரி. நூற்றில் இரண்டு பேரை மட்டுமே பாதிக்கும் குறை ஐந்து பேரில் தட்டுப்படாமலே போகலாம். அதைவிட முக்கியமானது, அந்த ஐவரும் ஒரே வகையினராக இருந்தால்தான் கணக்கு பொருந்தும். படித்த இளைஞர் ஐவரை உட்கார வைத்து விட்டு ஆட்டு வியாபாரியைப் பற்றி முடிவு கட்ட முடியாது. எழுத்து அறியாதவர், முதியவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளைக் காதால் கேட்டுப் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஆகிய ஒவ்வொரு வகையிலும் சிலராவது வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னது உங்கள் கருணையைப் பொறுத்ததன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது.

நம் மண்ணுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லும் முறையை ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் 1982-இல் இந்தத் துறைக்கு எடுத்துவந்தார், நல்ல முறைதான். ஆனால் எங்கள் பக்கத்து அம்மாக்களை அதிகாரி ஒருவர் முன் தனியே உட்கார வைத்து, நினைப்பதையெல்லாம் சொல்லுங்கள் என்றால், சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே தவிர ஒரு வார்த்தை வராது. அவரோடு பேத்தியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ சேர்த்து உட்கார வையுங்கள். “அதத் தொடாத, இது என்னமோ கேக்குது பாரு” என்று ஒருவருக்கொருவர் தாமாகவே பேசிக்கொள்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியதெல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருக்கும். இரண்டாவது, நம்மவர்கள் மனம் நோகும்படி எதையும் சொல்லமாட்டார்கள். காரியம் பாதியில் நின்றுபோனவர்கூடக் கடைசியில் அருமை என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆகவே முடிவில் கேட்கும் வினாத்தாள்களை நம்பி இருக்காதீர்கள். பயன்பாட்டு எளிமையை அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவுகோல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நூற்றுக்கு 68 அதில் சராசரி என்பார்கள். பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட அது உதவும். ‘மீட்டமை’ பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை அது ஒருநாளும் சொல்லாது.

சோதிக்கும் இடமும் ஒரு பொருட்டுதான். 1998-இல் வந்த ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலை, குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பயன்பாட்டு எளிமையை வரையறுக்கிறது. குளிரூட்டிய அறையில் புதிய கைப்பேசியில் பளிச்சென்று தெரிந்த வெளிர்சாம்பல் எழுத்து, மாட்டுத்தாவணியில் சித்திரை மாத வெயிலில், கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பின்னால் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வில் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை நெறிகள் சொல்வது இதனால்தான். பூ மார்க்கெட்டில் தண்ணீர் தெளித்த மல்லிகையை அள்ளிப் போட்ட ஈரக்கையோடு வருபவரின் விரலைத் தொடுதிரை சரியாக உணராது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று “சீக்கிரம்ப்பா” என்னும்போது வரும் பதற்றத்தை எந்த ஆய்வறையிலும் உண்டாக்க முடியாது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துக்காக வெட்டிய பொத்தானில் தமிழை ஊற்றினால் ‘விண்ணப்...’ என்று பாதியில் நிற்பதைக் காண, தமிழில் பயன்படுத்தும் ஒருவர் வேண்டும்; உங்கள் கலந்தாய்வுக் கூட்டங்களில் திரை எப்போதும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

அந்தக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். பொத்தான் எங்கே, நிறம் எது என்பதெல்லாம் அங்கே யார் பதவியில் மூத்தவரோ அவருடைய ரசனைப்படி முடிவாகிறது. தொலைபேசியில் எண்களை எப்படி அடுக்குவது என்பதைக்கூட அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தினர் அப்படித் தீர்மானிக்கவில்லை. பலவகை அடுக்குகளை ஆட்களிடம் கொடுத்து அழுத்தச் சொல்லி, நேரத்தையும் பிழையையும் அளந்து, 1960-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உங்கள் கைப்பேசியில் 1, 2, 3 மேல்வரிசையில் இருப்பது அந்த வழியில் வந்தது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் மென்பொருள் சோதனைக்கு என்று இருக்கும் பக்கங்களோடு, பயனர் சோதனைக்கும் ஒரு பக்கம் சேருங்கள். எத்தனை சுற்று, எந்த வகையினர், எந்த ஊரில் என்று அதில் எழுதுங்கள். முதல் சுற்று, மென்பொருளுக்கான குறியீடு எழுதத் தொடங்கும் முன்பே, காகிதத்தில் வரைந்த திரைகளை வைத்தே நடக்கட்டும். கட்டி முடித்த பிறகு சுவரை இடிக்க எந்தக் கொத்தனாரும் மனமொப்பிச் சம்மதிப்பதில்லை. ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிசும் 1985-லேயே, தொடக்கத்திலிருந்து பயனரைக் கவனி, அளந்து பார், திருத்தித் திருத்திச் செய் என்று மூன்றே கோட்பாடுகளாக எழுதிவைத்துவிட்டார்கள். சுற்றுகளுக்கு இடையே திருத்துவதற்கான நாளும் பணமும் ஒப்பந்தத்திலேயே இல்லாவிட்டால், சோதனை அறிக்கை அலமாரிக்குத்தான் போகும். வந்து உட்காருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள்; ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு உங்கள் தவறுகளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். அவருடைய ஆதார் எண்ணை வைத்துச் சோதிக்காதீர்கள். சோதனைக்கென்று பொய்த் தகவல் ஒன்றைத் தயார் செய்து கொடுங்கள். திரையில் நடப்பதைப் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்.

வடிவமைப்பாளர்களில் இளைஞர்களாக இருப்பவர்களிடம் தனியாக ஒன்று. நீங்கள் செய்த திரையில் ஒருவர் தடுமாறுவதைப் பார்க்கும்போது, “அது இல்லம்மா, இங்க அமுக்குங்க” என்று கை தானாக நீளும். நீட்டாதீர்கள். ஆசிரியர் மதுரையைத் தாண்டிப் போன இரண்டு முறையும் என் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். முதல் தடவையே சொல்லியிருந்தால் அந்த நெடுங்கணக்குக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

பள்ளி, கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில், காலை பத்து மணிக்கு மேல் என் கடைக்கு வாருங்கள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து மதியம் வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். டீ என் கணக்கில். நீங்கள் யார், எந்தத் திரையைச் செய்தவர் என்று வருகிறவர்களிடம் நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உசிலம்பட்டிக் கணினி மையக்காரன் ஒருவன்